புறப்பட ஒன்று, தங்க ஒன்று

அவுஸ்திரேலியாவில் ஊர் சுற்றுகிறவர்களின் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பற்றரி இருக்கும். கடற்கரைக்கும் காட்டுக்கும் பிள்ளைகுட்டியோடு போய், கூடாரம் அடித்து இரண்டு மூன்று நாள் தங்குகிற சனங்கள் இவர்கள். குளிர்பெட்டி ஓட, இரவில் லைற் எரிய, போன் சார்ஜ் ஏற என்று இரண்டாவது பற்றரியைப் பூட்டிக்கொள்வார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சாதாரண சங்கதி. எங்கள் ஆட்களுக்கோ காசுக்காரர் விளையாட்டு மாதிரித் தெரியும். தூரம் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் நியாயம் விளங்கும்.

நான் மண்டைதீவான். பண்ணை வீதியால் சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் யாழ்ப்பாணப் பட்டணம். எங்களுக்குத் தூரம் என்றால் நெடுந்தீவு. குறிகட்டுவானில் படகு ஏறி ஒரு மணித்தியாலம் கடலில் ஆடியாடிப் போகவேண்டும். இங்கே நியூ சவுத் வேல்ஸின் மேற்கே கோபாரிலிருந்து வில்கன்னியாவுக்கு 260 கிலோமீற்றர். நடுவில் எம்டேல் என்ற தங்குமிடம் ஒன்றைத் தவிர ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. நல்லாபோர் சமவெளியில் பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையில் 146.6 கிலோமீற்றருக்கு வீதி ஒரு வளைவும் இல்லாமல் நேராகக் கிடக்கிறது. இலங்கையின் தலையிலிருந்து கால்வரை அளந்தாலே ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். இந்த வீதிகளில் நெடுந்தூரத்துக்குக் கைப்பேசி வேலை செய்யாது. காலையில் வண்டி ஸ்ரார்ட் ஆகாவிட்டால், யாராவது வரும்வரை வெயிலில் நிற்கவேண்டியதுதான்.

காரோடு வருகிற ஈய அமிலப் பற்றரி என்ஜினைச் சுழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்குள் மெல்லிய ஈயத் தகடுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். சாவியைத் திருப்புகிற ஓரிரு விநாடியில் அது நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டிவிடும். என்ஜின் ஓடத் தொடங்கியதும், கொட்டியதை ஒல்ரனேற்றர் திருப்பி நிரப்பிவிடும். அதே பற்றரியில் இரவிரவாகக் குளிர்பெட்டியை ஓடவிட்டால் அது அடிமட்டம்வரை வடிந்துபோகும். மெல்லிய தகடுகள் அதைத் தாங்கா; பல தடவை அப்படி வடித்தால் பற்றரியின் ஆயுளே முடிந்துவிடும். ஓய்ந்து கிடக்கும்போது 12.6 வோல்ற் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் விடிய வண்டி கிளம்புவது சந்தேகம். அதனால்தான் தங்குமிடத்துச் செலவுக்கென்று வேறு பற்றரி. அது தடித்த தகடு வைத்த ஈயப் பற்றரியாக இருக்கும். இப்போது பலர் பூட்டுவது லிதியம் இரும்பு பொஸ்பேற்.

இரண்டையும் ஒரு வயரால் தொடுத்துவிட்டால் காரியம் முடியாது. தொடுத்தால் இரண்டும் ஒன்றாகவே வடியும். ஒன்றின் குறை மற்றதையும் இழுத்து விழுத்தும். நடுவில் ஒரு காவல் வேண்டும். பழைய வண்டிகளுக்கு வோல்ற் பார்த்து வேலை செய்யும் ரிலே போதும். என்ஜின் ஓடி 13.3 வோல்ற் அளவுக்கு ஏறியதும் அது இரண்டையும் சேர்க்கும். என்ஜின் நின்று 12.8க்கு இறங்கியதும் பிரித்துவிடும். புதிய வண்டிகளில் இது சரிவராது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக அவற்றின் ஒல்ரனேற்றர் ஓடும்போதே வோல்ற்றைக் குறைத்துக்கொள்ளும். ரிலே அதை நம்பிப் பிரிந்துவிடும், இரண்டாவது பற்றரி அரைவயிற்றோடு கிடக்கும். அங்கே டிசி-டிசி சார்ஜர் தேவை. வருகிற வோல்ற் கூடினாலென்ன குறைந்தாலென்ன, பற்றரி கேட்கிற அளவில் அது கொடுக்கும். லிதியத்துக்கு அது மிகவும் அவசியம். லிதியம் உள்ளெதிர்ப்புக் குறைந்தது. விட்டால் ஒல்ரனேற்றரில் இருக்கிற முழுவதையும் உறிஞ்சி அதைச் சூடாக்கிவிடும். பொனற்றுக்குள் என்ஜின் வெக்கையிலும் லிதியத்தை வைக்கக்கூடாது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றவும் கூடாது. பனிமலையடியில் இருக்கிற கூமா பக்கம் மாரியில் போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

என் வண்டிக்குப் பூட்டித் தந்தவர் சிட்னியின் வென்ற்வேத்வில்லில் இருக்கிற ஓட்டோ எலெக்ரீசியன் அண்ணை ஒருவர். ஊரில் பஸ் டிப்போவில் வேலை பழகினவர். காருக்குக் கீழே படுத்திருந்து வேலை செய்துகொண்டே கையை மட்டும் வெளியே நீட்டுவார். நான் குறடு கொடுப்பேன், அவர் பாடம் சொல்லுவார்.

“தம்பி, பியூசை எங்கை போடவேணும் சொல்லும் பாப்பம்?”

“சார்ஜருக்குக் கிட்ட, அண்ணை.”

“உது பிழை. பற்றரி முனைக்குப் பக்கத்திலை போடவேணும். வயர் எங்கையாவது தேய்ஞ்சு தகரத்திலை முட்டினா நெருப்புப் பற்றுறது பற்றரிக்கும் பியூசுக்கும் நடுவிலைதான். அந்த நடுவைக் குறைச்சுப் போடும். இரண்டு பற்றரியெண்டால் இரண்டு பக்கத்திலையும் பியூஸ்.”

அடுத்தது வயரின் தடிப்பு. முன்னால் இருந்து பின்னால் போகவும் திரும்பி வரவும் 10 மீற்றர் செம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 அம்பியர் ஓடும்போது 16 சதுர மில்லிமீற்றர் வயரில் கால் வோல்ற்றுக்குச் சற்று அதிகம் தொலையும். இங்கே கடைகளில் ‘6 மில்லிமீற்றர்’ என்று விற்கிற வாகன வயரில் தோலையும் சேர்த்தே அளந்திருப்பார்கள். உள்ளே செம்பு ஏறக்குறைய 4.6 சதுர மில்லிமீற்றர்தான். அதில் ஏறத்தாழ ஒரு வோல்ற் வழியிலேயே சூடாகப் போய்விடும். பற்றரிக்கு ஒரு வோல்ற் என்பது சின்ன விசயமல்ல. நிறைவுக்கும் வெறுமைக்கும் இடையில் இருப்பதே அவ்வளவுதான்.

அண்ணை பொனற்றை மூடுமுன் மீற்றரின் இரண்டு கம்பிகளையும் முனைகளில் வைத்தார். என்ஜின் ஓடாதபோது முன் பற்றரியில் 12.7, பின்னால் பூட்டிய லிதியத்தில் 13.3. சாவியைத் திருப்பச் சொன்னார். முன் பற்றரி 14.2க்கு ஏறியது, பின்னால் சார்ஜரில் பச்சை வெளிச்சம் வந்தது. குளிர்பெட்டியை ஒரு நாள் முழுக்க அதில் மட்டும் ஓடவிட்டு, மற்ற நாள் முன் பற்றரியை அளந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஒரு பொட்டும் குறையவில்லை.

புறப்படுவதற்கென்று ஒன்றைத் தனியாக வைக்கிற இந்தப் பிரிப்பு எங்கள் மூத்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியபோது மண்டைதீவுச் சனம் வீடுவாசலை விட்டு ஓடியது. அப்போது பிடிபட்டுக் காணாமற்போன இளைஞர்களுக்காக அவர்களின் குடும்பங்கள் இன்றும் நீதி கேட்டு நிற்கின்றன. ஓடிவந்து சேர்ந்த யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோலும் இல்லை, ரோச்சுக்குப் போடும் பற்றரியும் இல்லை. வாடகைக்கு ஓடிய ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது, அதனால் அதைக்கொண்டு கிளப்ப முடியாது. கிளப்புவதற்கென்று கொஞ்சப் பெற்றோலைச் சின்னப் போத்தலில் தனியாக வைத்திருப்பார்கள். காபரேற்றருக்கு அதில் சில சொட்டு விட்டு என்ஜினை எழுப்பி, சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என்னுடைய பெரியப்பா அந்தப் போத்தலை ஒருவரையும் தொடவிடமாட்டார். லாம்புக்கு ஒரு சொட்டுக் கேட்டாலும் கொடுக்கமாட்டார். இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் வந்து கதவைத் தட்டினால் அந்தப் பெற்றோல்தான் உயிர்.

செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவை ஓடவிட்டோம். ஆறு வோல்ற், மூன்று வாற்று டைனமோ. மாறிமாறி வரும் மின்னோட்டத்தை நேராக்க டயோட்டுகள். பிபிசி தமிழோசை முடியும்வரை ஆள் மாறி ஆள் சுற்றவேண்டும். சுற்றுகிற கை நின்றால் குரலும் நின்றுவிடும், சேமிக்க வழியில்லாத மின்சாரம் அது. தேய்ந்த பற்றரிகளை வெயிலில் காயப்போட்டு இன்னும் ஒரு இரவு இழுத்த வீடுகள் எத்தனையோ. மின்சாரத்தைச் சேமித்து வைப்பதன் பெறுமதி அந்த வருடங்களில் இருந்தவர்களுக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இந்த நாடு எனக்குக் கொடுத்ததை நன்றியோடு சொல்கிறேன். பயமில்லாமல் தூரம் போகலாம். வீதியோரம் பொனற் திறந்து நின்றால் போகிற வண்டி நின்று, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போகும். ஆனாலும் உதவி வருமென்று நம்பி ஆயத்தமில்லாமல் புறப்படுவதை இங்குள்ளவர்களும் மதிக்கமாட்டார்கள். பெரியப்பாவின் போத்தலையும் இவர்களின் இரண்டாவது பற்றரியையும் ஒரே அறிவு என்றுதான் நான் காண்கிறேன்: புறப்படுவதற்கு வைத்திருப்பதைத் தங்கியிருக்கும்போது செலவழிக்கக்கூடாது.

அதே கணக்கு இப்போது எங்கள் கடலிலும் நடக்கிறது. மண்டைதீவுக்கு வீதி உண்டு, தேசிய மின்கம்பியும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் ஜெனரேற்றரில் வாழ்ந்து வந்தவை. அந்த டீசலும் படகில்தான் வரவேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் இந்த மூன்று தீவுகளுக்கும் கலப்பு மின்திட்டத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற் மணித்தியாலம் சேமிக்கும் பற்றரி, கைகாவலுக்கு டீசல் என்பது திட்டம். என் காரின் பின்னால் இருக்கும் 100 அம்பியர் மணித்தியாலப் பற்றரி 1,875 சேர்த்தால்தான் அந்தச் சேமிப்பு வரும். வெயிலும் காற்றும் தீவுகளில் எப்போதும் இருந்தன. குறைந்தது அவற்றைப் பிடித்து வைக்கிற பெட்டிதான்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குச் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தீவுப் பள்ளிக்கூடத்துக்கோ மருந்தகத்துக்கோ சூரியத் தகடு வாங்கிக் கொடுக்கும்போது தகட்டோடு நிற்கவேண்டாம். நல்ல பற்றரிக்கும், முனைக்குப் பக்கத்தில் பியூசுக்கும், தடித்த வயருக்கும் காசு ஒதுக்குங்கள். சில வருடங்களில் பற்றரி தேய்ந்தால் மாற்றுவதற்கு ஒரு தொகையை இன்றைக்கே வங்கியில் போட்டுவையுங்கள். மீற்றர் பிடித்து அளக்க அந்தத் தீவிலேயே ஒரு பிள்ளையைப் பழக்கிவிடுங்கள். தகடு கொடுத்தவரின் பெயர் கல்லில் இருந்துவிட்டுப் போகட்டும். இரவில் லைற் எரிவதற்குப் பற்றரியும் அதைப் பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.