சரிந்து நின்ற பெட்டி

எங்கள் ஊர் வாசிகசாலையின் ஏசி பழுதானபோது, அதுக்குக் காசு தந்தவர்களுக்கு நாங்கள் வட்ஸ்அப்பில் போட்ட தகவல் இது: "கரண்ட் கூடிக் குறைஞ்சதால கொம்பிரசர் போச்சுது." அது பொய். கரண்டில் ஒரு பிழையும் இல்லை. வெளியே வைத்த பெட்டி சரிந்து நின்றது. அது எங்களுக்கு மூன்று மாதமாகத் தெரியும்.

நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் கலைப்பீடம். வாசிகசாலையில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய பத்திரிகைகளை ஸ்கான் பண்ணத் தொடங்கியிருந்தோம். பகலில் விரிவுரை, பின்னேரம் தொடங்கி இரவு பதினொரு மணிவரை இந்த வேலை. மாரியில் அந்த அறைக்குள் கடதாசி நமத்த அப்பளம்தான். அதனால்தான் வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரரிடம் கேட்டு ஏசி வாங்கினோம்.

பூட்ட வந்த அண்ணை, வெளிப்பெட்டிக்குச் சீமெந்துத் தளம் போடவேணும், இல்லாட்டி சுவரில் இரும்புத் தாங்கி அடிக்கவேணும் என்றார். கையில் காசு மிச்சமில்லை. பின்பக்கம் கிடந்த நான்கு சீமெந்துக் கல்லை நாங்களே வெறும் மண்ணில் அடுக்கி, "இதில வையுங்கோ அண்ணை, பிறகு பாப்பம்" என்றோம்.

அந்தப் பக்கக் கூரைக்குப் பீலி இல்லை. ஐப்பசி மழையில் கூரைத்தண்ணி நேரே ஒரு கல்லின் அடியில் விழுந்து மண்ணை அரித்தது. பெட்டி ஒரு மூலையில் இறங்கியது. நாங்கள் பார்த்தோம். படம் எடுத்து, 'பைசா கோபுரம்' என்று எழுதி ஸ்டேட்டஸும் வைத்தோம். அறை குளிர்ந்துகொண்டுதானே இருந்தது!

முதலில் சொன்னது பக்கத்து வளவு ஆச்சி. "பிள்ளையள், உங்கட மிசின் இப்ப வேற மாதிரி உறுமுது. முந்தி இப்பிடி இல்லை." ஆச்சியின் நித்திரையைக் குழப்பிவிட்டோம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம். அவர் நித்திரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தை மாதம் ஒருநாள் பெட்டி 'கடக்' என்றது, அதோடு நின்றது. திருத்த வந்தவருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சரித்துக் காட்டி விளங்கப்படுத்தினார். கொம்பிரசரின் அடியில் எண்ணெய் நிற்குமாம். சுழல்கிற தண்டு அந்த எண்ணெயை அடியிலிருந்து இழுத்து, மேலே தேய்கிற இடங்களுக்குக் கொடுக்கும். பெட்டி நன்றாகச் சரிந்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், தண்டுக்குக் கிடைக்கிறது குறைந்துவிடும். (பிரிட்ஜைப் படுக்கவைத்து ஏற்றிவந்தால், நிமிர்த்திக் கொஞ்ச மணித்தியாலம் விட்டுத்தான் போடவேணும் என்பார்களே, அதுவும் இந்த எண்ணெய்க்காகத்தான்.)

ஆனால் எல்லாவற்றையும் எண்ணெயில் போட அவர் விடவில்லை. "கொஞ்சச் சரிவை மிசின் தாங்கும். இது ஆட்டத்தில போனது" என்றார். நான்கு காலில் ஒன்று சரியாக ஊன்றாமல் இருந்தால், காற்றாடியும் கொம்பிரசரும் ஓடும்போது பெட்டி முழுக்க அதிரும். அந்த அதிர்வு செப்புக் குழாய்க்குப் போகும். குழாயைப் பூட்டியிருக்கிற நட் மெல்ல மெல்ல இளகும். காஸ் கசியும், அதோடு கொஞ்சம் எண்ணெயும் வரும். அவர் விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில் தூசி பிடித்த கறுப்புக் கறை இருந்தது. அதை நாங்கள் இரண்டு தரம் துணியால் துடைத்திருக்கிறோம், துப்புரவு என்று நினைத்து. காஸ் குறைய அறை குளிரவில்லை. குளிரவில்லை என்று 18இல் வைத்தோம். கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடிச் சூடேறியது.

திருத்தக் காசு சேரும்வரை அறை பூட்டிக் கிடந்தது. திறந்தபோது ஒரு கட்டுப் பத்திரிகை பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. ஸ்கான் பண்ணாத கட்டு. அதில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. ஏசிக்குக் கொம்பிரசர் வாங்கலாம், இதுக்கு எங்கே போவது?

கொம்பிரசர் மாற்றின காசு, நாங்கள் ரியூசன் எடுத்த காசு. இந்தமுறை மண்ணை இடித்து இறுக்கித் தளம் போட்டோம். பீலி பூட்டினோம். கால்களுக்குக் கீழே தடித்த றப்பர் வைத்து, ரசமட்டத்தை நீளப்பாட்டிலும் அகலப்பாட்டிலும் வைத்துக் குமிழி நடுவுக்கு வரும்வரை நின்று பார்த்தோம். முழுதாக அரை மணித்தியால வேலை. இதை எழுதி முடித்ததும் அந்த வட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறோம். யார் என்ன சொல்வார்களோ தெரியாது.

முதல் மழைக்கு அடுத்தநாள் போய்த் திரும்ப மட்டம் பார்த்தோம். அசையவில்லை. வேலியடியில் நின்ற ஆச்சியிடம், சத்தம் கேக்குதோ என்று கேட்டோம்.

"கேக்குது. ஆனா அது முந்தின சத்தம்" என்றார்.