மெதுவாகப் போகிறவர்களின் சாலை

செட்டிகுளம்,
மாசிக் கடைசி ஞாயிறு.

அன்புள்ள நண்பா,

வடபழநி மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சைக்கிள்கள் நான்கும் சுவரில் சாய்ந்திருக்கின்றன. வங்கி அக்காவும் ஒயரிங் தம்பியும் திண்ணையில் கண் அசந்துவிட்டார்கள். பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் அண்ணன் மட்டும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார்.

"முதல் பரிசும் கிடையாது, கடைசி இடமும் கிடையாது, அப்புறம் எதுக்குய்யா இந்தப் பாடு?" என்று போனில் கேட்டாய். அவசரத்தில் பதில் சொல்லவில்லை. இன்று சாலையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நாங்கள் தயாராகிக்கொண்டிருப்பது 200 கிலோமீட்டர் 'பிரெவே'க்கு. ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகம் முழுக்க நடக்கும் சைக்கிள் பயணம் இது. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் நடத்துகிறது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். பின்னால் கார் வந்து தண்ணீர் கொடுப்பது, பஞ்சர் ஒட்டித் தருவது எல்லாம் கிடையாது. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான்.

கணக்குப் போட்டுப் பார். மணிக்கு 20 கிலோமீட்டர் மிதித்தால் பத்து மணி நேரத்தில் 200 கிலோமீட்டர் முடிந்துவிடும். மீதி மூன்றரை மணி நேரம் சாப்பாட்டுக்கும், தண்ணீருக்கும், பஞ்சருக்கும், மர நிழலுக்கும். அதனால் வேகமாக மிதிக்கிறவனைவிட, நிற்கிற இடத்தில் நேரத்தை வீணாக்காதவன்தான் நிம்மதியாக முடிக்கிறான். டீக்கடையில் முக்கால் மணி நேரம் கதையளந்துவிட்டு அப்புறம் விரட்டிப் பிடிக்கலாம் என்று கிளம்புகிற இளவட்டங்கள் மதிய வெயிலில் சுருண்டுவிடுகிறார்கள். எங்கள் நால்வரில் மெதுவாகப் போகிறவர் அண்ணன். அவர் வேகம்தான் எங்கள் எல்லோருக்கும் வேகம்.

கொள்ளிடம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வரும்போது இன்னும் விடியவில்லை. இன்று சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடக்கம். சிறுகனூர்ப் பக்கம் வந்ததும் எதிரே மஞ்சள் சேலைகளும் மஞ்சள் வேட்டிகளும் தெரிய ஆரம்பித்தன. பெரம்பலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து இரவெல்லாம் நடந்து வருகிறவர்கள். தலையில் பூத்தட்டு, கையில் வேப்பிலை, தோள் பையின் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர். பெரும்பாலானவர்கள் காலில் செருப்பு இல்லை. இவர்களில் யாரும் தங்களை விளையாட்டு வீரர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், சித்தாள்கள், கடையில் நிற்கிறவர்கள். ஆனால் நெடுந்தூரம் போகும் கலையை நான் இவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றோம். அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா கீழே உட்கார்ந்து, குதிகால் கொப்பளத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்து நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கொப்பளத்தை உடைக்கவில்லை. உடைத்தால் தோல் உரிந்து புண்ணாகும், அப்புறம் நடக்க முடியாது. எங்கள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்கலையாம்மா?" என்று கேட்டார்.

"வலிக்கத்தான் செய்யும். வேகமா நடந்தா சீக்கிரம் உக்காந்துருவோம் கண்ணு. ரொம்ப நேரம் உக்காந்துட்டா கால் மரத்துப்போயி எந்திரிக்க முடியாது. அதான் மோர் குடிச்சதும் கிளம்பிருவோம்." சொல்லிவிட்டு, பின்னால் வரும் ஒரு கிழவரை எட்டிப் பார்த்தார். அவர் வந்து சேர்ந்து மோர் குடித்த பிறகுதான் அந்தக் கூட்டம் எழுந்தது.

இன்றிலிருந்து 28 நாள் சமயபுரத்து அம்மன் பக்தர்களுக்காகத் தானே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. நைவேத்தியம் இளநீர், நீர்மோர், பானகம், துள்ளுமாவு, பழம். கோடைக்கு முன் இந்த வழியே நடக்கிறவர்களுக்கும் பந்தல்களில் இவற்றில் பலவும்தான் கிடைக்கின்றன. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, கடுமையாக உழைத்தால் இரண்டு மணி நேரத்துக்குத் தாங்குவதே பெரிது. அதன் பிறகு கால் ஓடாது, கண் இருளும். வியர்வையில் உப்பும் போய்விடுகிறது. அதை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும். வெல்லமும் உப்பும் தண்ணீரும் நேரத்துக்கு நேரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுக்குக் காசைக் கொட்டும் தம்பிக்கு, ஒரு சொம்பு பானகத்தைக் கொடுத்து இதைச் சொன்னேன். இரண்டு சொம்பு குடித்தான்.

பாடாலூருக்கு முன் அக்காவின் பின்சக்கரம் பஞ்சர். நால்வழிச் சாலையின் ஓரத்தில் வெடித்த லாரி டயர்த் துண்டுகள் கிடக்கும். அவற்றிலிருந்து உதிரும் எஃகு இழை முடி போல மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது. அண்ணன் டியூபைக் கழற்றிவிட்டு, ஒரு துணியை டயரின் உட்பக்கமாக மெதுவாக ஓட்டினார். ஓர் இடத்தில் நூல் சிக்கியது. அங்கேதான் கம்பி. குறட்டால் பிடுங்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதை எடுக்காமல் புது டியூப் போட்டிருந்தால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போயிருக்கும். அதுவரைக்கும் தம்பி எங்களுக்குப் பின்னால் தள்ளி நின்று டார்ச்சை ஆட்டி வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

இந்த ஓரம்தான் எனக்குக் கவலை. 2024 ஜூலையில் தஞ்சாவூர் அருகே வளம்பக்குடியில், சமயபுரத்துக்கு நடந்து போனவர்கள்மேல் லாரி ஏறி ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஒவ்வோர் ஆண்டும் எந்த மாதத்தில் எந்த ஊர்க்காரர்கள் இந்தச் சாலைகளில் நடப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையோரத்தில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று கல் பதித்த நடைபாதை போட முடிந்ததே, இங்கே ஏன் முடியாது? ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது நல்லதுதான், அது போதாது. நடக்கிறவனுக்கும் மிதிக்கிறவனுக்கும் மூன்றடிப் பாதை தராமல் நாம் நாலு வழியைப் பற்றிப் பெருமைப்படக் கூடாது.

ஆலத்தூர் கேட்டில் மேற்கே திரும்பியதும் லாரிச் சத்தம் ஓய்ந்தது. இந்தப் பக்கம் சின்ன வெங்காய பூமி. சாம்பார் வெங்காயத்துக்குப் பெரம்பலூர் மாவட்டம் பேர் போனது. அதில் செட்டிகுளத்து வெங்காயத்துக்குத் தனி மதிப்பு. களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய்ந்த தாளை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி வெங்காயப் பட்டறை: தரையில் படாமல் காற்று ஓடும்படி உயர்த்திக் கட்டி, மேலே ஓலை வேய்ந்தது. விலை வரும்வரை வெங்காயம் அதில் கிடக்கும். எங்களைப் பார்த்ததும் ஓர் அக்கா, "எங்கேருந்து மிதிச்சு வர்றீங்க?" என்றார். திருச்சி என்றதும் கைநிறைய வெங்காயம் அள்ளி எங்கள் அக்காவின் பையில் போட்டுவிட்டார், காசு வாங்கவில்லை.

மலைக்கு 240 படி. ஏறும்போது தொடை நடுங்கியது உண்மை. மேலே தண்டாயுதபாணி கையில் தண்டம் இல்லை, கரும்பு இருக்கிறது. காட்டில் சிவலிங்கம் தேடி வந்த சோழனுக்கும் பாண்டியனுக்கும் கரும்பு ஊன்றிய ஒரு முதியவர் வழிகாட்டிவிட்டு இந்த மலையில் முருகனாக நின்றார் என்பது ஊர்க்கதை. கீழே ஊருக்குள் ஏகாம்பரேஸ்வரர் கோயில். பங்குனி உத்திரத்துக்குத் தேர் ஓடும். அப்போது இங்கேயும் நடந்தே வருகிறவர்கள் ஏராளம். வழி காட்டுகிறவர் கையில் கரும்பு இருப்பது எவ்வளவு பொருத்தம் என்று இன்றைக்கு என் கால்களுக்குத் தெரிந்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 2019-இல் ஃபிஜித் தீவில் 'எக்கோ சேலஞ்ச்' என்ற சாகசப் பந்தயம் நடந்ததே, நினைவிருக்கிறதா? காடு, ஆறு, கடல் என்று 671 கிலோமீட்டர். டேராடூனின் மாலிக் இரட்டைச் சகோதரிகள் இருந்த இந்திய அணியும் போயிருந்தது. அதில் அணியின் நால்வரும் சேர்ந்தேதான் ஒவ்வொரு நிலையையும் கடக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு மூவர் ஜெயிக்க முடியாது. பிரெவேயில் அப்படி விதி இல்லை. அண்ணனை விட்டுவிட்டு நாங்கள் முன்னால் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த அம்மா கிழவருக்காகக் காத்திருந்ததைப் பார்த்த பிறகு, எங்களுக்குள் நாங்களே அந்த விதியை வைத்துக்கொண்டோம். நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: இப்படிச் சேர்ந்து போவதற்காகத்தான் போகிறோம்.

அண்ணனுக்கு ஓர் ஆசை இருக்கிறது. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 1891-இல் பந்தயமாகத் தொடங்கி, 1931-இலிருந்து நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கும் வழி விட்டது; நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, அடுத்தது 2027. அதற்கு அதே ஆண்டில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்திருக்க வேண்டும். அவர் போவார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த முறை நெடுஞ்சாலையின் கிழக்குப் பக்கம் போகிறோம்: கடல் இருந்த காலத்துப் புதைபடிவங்கள் கிடக்கும் காரைச் செம்மண் ஓடைகள், பிறகு 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன, 18 மீட்டர் நீளமுள்ள சாத்தனூர் கல்மரம். பாதி வழி கிராமத்துச் சாலை, லாரி குறைவு. நீயும் வா. சீட்டு உயரத்தைச் சரிபார்த்துக்கொள், இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும். டியூப் இரண்டு எடுத்து வை. பின்விளக்கு நல்லதாக ஒன்று வாங்கு. பகலிலும் எரியவிட வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்