வண்டி மாறும் இடம்

தில்லையடியிலிருந்து கொழும்புக்குச் சுமார் 130 கிலோமீற்றர். அந்தத் தூரம் என் உம்மாவை ஒருநாளும் சோர வைத்ததில்லை. கோட்டை நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி மஹரகம பஸ்ஸில் ஏறும் வரையான சில நூறு மீற்றர்தான் அவரை வாட்டியது. மஹரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்வந்த காலத்தில் நான் படித்த பாடம் இதுதான்: பயணத்தின் பாரமெல்லாம் வண்டி மாறும் இடத்தில் வந்து குவிகிறது.

தில்லையடியில் ஒரு சின்ன ரயில் நிலையம் உண்டு. ஆனால் கிளினிக் நாளில் நாங்கள் விடியுமுன் ஓட்டோ பிடித்துப் புத்தளத்துக்கே போய்விடுவோம். அங்கே ஏறினால் உம்மாவுக்கு ஜன்னலோரம் இருக்கை கிடைக்கும். பாலாவி, மதுரங்குளி, முந்தல், சிலாபம் என்று வண்டி போகும். தஸ்பீஹ் உருட்டியபடி அவர் நிம்மதியாக இருப்பார். நீர்கொழும்பு வந்ததும் வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். ராகமையில் எங்கள் பாதை பிரதான பாதையோடு சேரும்போது உம்மா தஸ்பீஹை மடித்துப் பையில் வைப்பார். அதற்குப் பிறகு அவர் பேசமாட்டார்.

கோட்டையில் இறங்கினால் மேம்பாலப் படி. வந்த கூட்டமெல்லாம் ஒரே நேரத்தில் அந்தப் படியில்தான் ஏறும். உம்மா ஒரு கையால் கம்பியைப் பிடிப்பார், மற்றக் கையால் என் சேர்ட்டின் நுனியைப் பிடிப்பார். நான் கையைக் கொடுத்தாலும் வாங்கமாட்டார். "நீங்க முன்னுக்குப் போங்க மகன், நான் சேர்ட்டை விடமாட்டேன்" என்பார். வெளியே வந்தால் ஒல்கொட் சிலை, அதற்கப்பால் வாகன இரைச்சல், "மஹரகம, மஹரகம" என்று கூவும் கொண்டக்டர்மார். 138ஆம் இலக்க பஸ் வந்து நிற்கும், ஆனால் உம்மாவின் கால் மிதிபலகைக்கு எழும்பும் வரைக்கும் நிற்காது. மழை நாளில் இன்னும் பாடு. குடையை விரித்தால் சேர்ட்டைப் பிடிக்கக் கை இல்லை.

சேர்ட்டை அவர் ஏன் விடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது, கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். வழியில் எத்தனையோ வண்டி மாறித்தான் தில்லையடிக்கு வந்து சேர்ந்தோம். ஒவ்வொரு முறையும் யாராவது தவறிவிடுவார்களோ என்று ஆள் எண்ணிக்கொண்டே வந்ததாகச் சொல்வார். ஓடும் வண்டியில் எல்லோரும் கண் முன்னே இருப்பார்கள். இறங்கி ஏறும்போதுதான் பிரிந்துபோவது நடக்கும். அந்தப் பயம் அவரை விடவே இல்லை.

எங்களுக்கு வழி காட்டியவர் ஒரு சீசன் டிக்கெட்காரர். நீர்கொழும்பில் ஏறுபவர், உம்மாவின் கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "மஹரகமவுக்கா? மருதானையில இறங்குங்க" என்றார். கோட்டைக்கு முந்திய நிலையம் அது. களனிவெளிப் பாதை அங்கிருந்து பிரிந்து நாரஹேன்பிட்டி, நுகேகொடை வழியாக மஹரகமவுக்குப் போகிறது. நிலையத்தை விட்டு வெளியேற வேண்டாம், வீதி கடக்க வேண்டாம், வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கலாம். மேம்பாலப் படிக்கு நேராக எந்தப் பெட்டி வந்து நிற்கும் என்பதையும் அவரே சொல்லித் தந்தார். அந்தப் பெட்டியில் ஏறத் தொடங்கிய பிறகு உம்மா கூட்டத்துக்கு முன்னரே படியை அடைந்தார்.

இந்த வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. களனிவெளிப் பாதையில் காலை வண்டிகள் பெரும்பாலும் கொழும்புக்கு ஆள் கொண்டுவருபவை, எதிர்த்திசையில் குறைவு. எங்கள் புத்தளப் பாதையோ வடக்கே ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு ஒரு நிலையத்தில் நின்றாலே நேரம் பிந்திவிடும். முதல் வண்டி சற்றுப் பிந்தினால் இரண்டாவது வண்டி கை நழுவும். அதற்கடுத்தது எப்போது என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுப் புறப்படுவோம்.

வண்டி மாறுவது கொழும்புக்குப் புதிய பிரச்சினை இல்லை. 1899இல் அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கு, இன்னொன்று மருதானை வழியாகப் பொரளைக்கு. 1926இல் புத்தளத்துக்கு ரயில் வந்தபோது, எங்கள் பகுதியிலிருந்து போனவர் மருதானையில் இறங்கி டிராம் ஏற முடிந்தது. 1960இல் டிராம் நின்றது. பிறகு கோட்டையிலிருந்து மாலபேக்கு 15.7 கிலோமீற்றருக்கு இலகு ரயில் போட யப்பான் கடனுதவியோடு 2019இல் ஒப்பந்தமானது. மறு ஆண்டே அது கைவிடப்பட்டது.

சூரிச்சில் இருக்கும் எங்கள் உறவுக்காரர் ஒருவர் அங்குள்ள முறையைச் சொல்வார். 1990 முதல் அந்த மாநிலத்தில் ரயில், டிராம், பஸ், ஏரிப் படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ரயில் வரும் நேரத்தைப் பார்த்தே பஸ் புறப்படும். வண்டி மாறுவதையும் பயணத்தின் ஒரு பகுதியாகவே அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். அது பணக்கார நாடு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. களனிவெளிப் பாதையிலேயே, மஹரகமவுக்கு அப்பால், மாக்கும்புரவில் ரயிலும் அதிவேகப் பாதை பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நிலையம் 2019இல் திறக்கப்பட்டது. மனம் வைத்தால் இங்கேயும் முடியும்.

டிராம் திரும்பி வரும் வரைக்கும் நோயாளிகள் காத்திருக்க முடியாது. கோட்டை வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும் தொடர்ச்சியாக ஒரு கூரை, வயோதிபர் ஏறி முடியும் வரைக்கும் பஸ் நிற்கும் கட்டாயம், புத்தள வண்டி வந்து சேரும் நேரத்தோடு பொருந்தும் ஒரு களனிவெளி வண்டி, மூன்று மொழியிலும் தெளிவான பலகை. இவற்றுக்கு யப்பான் கடன் தேவையில்லை. திட்டம் போடுகிறவர்கள் நடக்கச் சிரமப்படும் ஒருவரோடு மேடையிலிருந்து பஸ் வரைக்கும் ஒரு முறை நடந்து பார்த்தால் போதும்.

உம்மா இப்போது நல்ல சுகம். ஊரில் யாராவது கொழும்புக்குக் கிளினிக் போக வேண்டும் என்றால் என்னிடம் வருகிறார்கள். எந்த ரயில் என்றுதான் கேட்பார்கள். எங்கே இறங்கி மாறுவது, எந்தப் பெட்டியில் ஏறுவது, வண்டி தவறினால் அடுத்தது எது என்பதை முதலில் எழுதிக் கொடுக்கிறேன். ரயிலின் நேரத்தை அதற்குக் கீழே எழுதுகிறேன்.