அலாரம் அடித்தால் யார் எழுந்திருப்பது?

போன வருடம் ஆடி மாதம். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் அக்கா மகன் காலை ஆறரை மணிக்குப் போன் செய்தான். "மாமா, ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா? அம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க." கடைசி வார்த்தையைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, பணம் போயிருக்கிறது என்று. 36 வருடம் பேங்க்கில் குப்பை கொட்டியவனுக்கு அந்தக் குரல் புரியாதா? கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

போனது 18 லட்சம். ஜெர்மனியில் ஒரு பையர், பத்து வருடப் பழக்கம். "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று அவருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. கம்பெனியின் சொந்த மெயிலிலிருந்து, நம் அக்கவுண்டன்ட் பெண் எழுதுகிற அதே தோரணையில். அவரும் அனுப்பிவிட்டார். மூன்று வாரம் முன்பு அந்தப் பெண்ணுக்கு இன்வாய்ஸ் என்று ஒரு லிங்க் வந்ததாம். திறந்தால் மெயிலுக்குள் நுழையும் பக்கம் மாதிரியே ஒரு பக்கம். பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான். உள்ளே வந்தவன் எதையும் உடைக்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து கடிதங்களைப் படித்தான். அந்தப் பையரிடமிருந்து வரும் மெயில் எல்லாம் யாரும் திறக்காத ஒரு மூலைக்குத் தானாகவே போகும்படி ஒரு விதி எழுதி வைத்தான். பிறகுதான் கை வைத்தான்.

"ஆன்டிவைரஸ் என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"பச்சை டிக் காட்டிக்கிட்டே இருந்துச்சுங்க மாமா."

அதைக் குறை சொல்ல முடியாது. வைரஸ் என்று ஒன்று வந்தால்தானே அது பிடிக்கும்? சரியான சாவியோடு வந்தவனை அது ஏன் தடுக்கப் போகிறது?

மாப்பிள்ளை இப்போது எக்ஸ்டிஆர் என்று ஒன்று வாங்கப் போகிறானாம். அடுத்த வாரம் மூன்று பேர் லேப்டாப்போடு வந்து காட்டுவார்கள். "நீங்க ஆடிட் பார்த்தவங்க. பக்கத்துல உக்காருங்க, அது போதுமுங்க" என்றான். நான் சும்மா உட்கார விரும்பவில்லை. ஒரு வாரம் இரவு பகலாகப் படித்தேன். "தாத்தா ஹேக்கர் ஆகிட்டார்" என்று பேத்தி வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஆன்டிவைரஸ் என்பது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒட்டியிருக்கும் திருடர் படம். படத்தில் இருப்பவன் வந்தால் பிடிக்கும். அடுத்து வந்தது ஈடிஆர். அது முகம் பார்ப்பதோடு நிற்காது, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் என்ன நடக்கிறது என்று குறித்துக்கொண்டே இருக்கும். வேர்டு ஃபைலைத் திறந்ததும் அது ஏன் வேறொரு புரோகிராமை எழுப்புகிறது என்று சந்தேகப்படும். ஆனால் அது பார்ப்பது கம்ப்யூட்டரை மட்டும். மெயில், பாஸ்வேர்டு, ஃபயர்வால், கிளவுடில் இருக்கும் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எக்ஸ்டிஆர். பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் கம்பெனியைத் தொடங்கிய நிர் ஜுக் 2018இல் வைத்த பெயர் அது. இப்போது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் தங்கள் சரக்குக்கு அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள்.

சேர்த்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. கம்ப்யூட்டர் வராத காலம். ஒரு கிளைக்கு ஆடிட் போயிருந்தேன். நடமாட்டம் இல்லாத சேமிப்புக் கணக்குகள் சிலவற்றிலிருந்து ஐநூறு, எழுநூறு என்று பணம் எடுக்கப்பட்டிருந்தது. வவுச்சரைப் பார்த்தேன், கையெழுத்து சரி. லெட்ஜர் சரி. டோக்கன் புத்தகமும் சரி. மூன்று நாள் ஒன்றும் பிடிபடவில்லை. நாலாம் நாள் எதேச்சையாக வருகைப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பணம் எடுத்த நாட்களில் எல்லாம் ஒரே ஆபீசர் லீவு. அவர் இடத்தில் உட்கார்ந்தது ஒரே கிளார்க். அப்புறம் கடிதக் கோப்பைப் புரட்டினால், அந்தக் கணக்குக்காரர்களில் ஒருவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மொத்தம் 11,400 ரூபாய்தான். ஆனால் எந்தப் புத்தகத்தையும் தனியாகப் பார்த்திருந்தால் அது கடைசி வரை தெரிந்திருக்காது.

மாப்பிள்ளை கம்பெனியில் நடந்ததும் அதேதான். திருப்பூரில் இருக்கிற பெண், நடுராத்திரியில் வேறு நாட்டிலிருந்து மெயிலுக்குள் வருகிறாள். வந்து பத்து நிமிடத்தில் ஒரு மெயில் விதி எழுதுகிறாள். அவளுடைய கம்ப்யூட்டரோ அந்த நேரத்தில் அணைந்து கிடக்கிறது. மூன்றும் மூன்று இடத்தில் பதிவாகியிருந்தன. சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

மூன்று பேரும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், டை கட்டியிருந்தார்கள். மூன்று பேரும் மைட்டர் பரிசோதனையில் தங்கள் சரக்கு நூற்றுக்கு நூறு என்று ஒரு படம் காட்டினார்கள். எல்லோரும் எப்படி முதல் ராங்க் வாங்க முடியும்? மைட்டர் என்பது அமெரிக்காவில் இருக்கும் லாப நோக்கமில்லாத அமைப்பு. உண்மையான திருட்டுக் கும்பல்களின் வழிமுறையை அப்படியே நடத்திக் காட்டி, எந்த மென்பொருள் எதை எப்போது பார்த்தது என்று பதிவு செய்து வெளியிடும். அது ராங்க் போடுவதே இல்லை. மார்க் ஷீட்டை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அவரவருக்குப் பிடித்த பாடத்தின் மார்க்கை அவரவர் விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் தவறு என்று சொல்லமாட்டேன். பேங்க்கில் நாங்களும் டெபாசிட் கூடிய வருடத்தில் டெபாசிட்டைப் பற்றித்தான் பேசுவோம்.

சரக்கில் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் மெயிலையும் ஆபீஸையும் ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களுக்கு அவர்களுடைய டிஃபெண்டர் சுலபமாகப் பொருந்தும். 300 பேர் வரை உள்ள கம்பெனிகளுக்கான பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் அதன் சிறு வடிவம் சேர்ந்தே வருகிறது. பலர் பணம் கட்டிவிட்டு, இருப்பது தெரியாமலே வைத்திருக்கிறார்கள். சென்டினல்ஒன், பணம் பறிக்கும் வைரஸ் விண்டோஸ் ஃபைல்களைப் பூட்டிவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பித் தரும் வசதியைப் பெருமையாகச் சொல்கிறது. பாலோ ஆல்டோ ஃபயர்வால் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அவர்களுடைய கார்டெக்ஸ் ஒத்துப்போகும். நம் புனேயின் குவிக் ஹீல் கூட செக்ரைட் என்ற பெயரில் ஒன்று விற்கிறது. கிரவுட்ஸ்ட்ரைக் பெயரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 19 அன்று அவர்கள் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காவல்காரன் வீட்டின் உள்ளறை வரை வருகிறவன், அவன் தடுக்கி விழுந்தால் வீடே ஆடும். அதற்காகக் காவலே வேண்டாம் என்று ஆகுமா? ஆகாது. அப்டேட்டை முதலில் நாலு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதி வாங்கச் சொன்னேன்.

பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்றும் கேட்டேன். அடிப்படை விலைக்கு 30 நாள் என்றார் ஒருவர். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவுப்படி 180 நாள் பதிவுகள் இருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். அந்தப் பிள்ளை டையைத் தளர்த்திக்கொண்டார்.

ஆனால் நான் போனது ஒரே ஒரு கேள்விக்காக. மூன்று பேரிடமும் அதையே கேட்டேன். "தம்பி, ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க சாமான் மணி அடிக்குது. யார் எந்திரிப்பாங்க?"

முதல் ஆள், திரையில் சிவப்பாகத் தெரியும் என்றார். யாருக்கு என்றேன். கம்பெனியின் சிஸ்டம் அட்மினுக்கு என்றார். இங்கே 62 கம்ப்யூட்டருக்கு இருப்பது ஒரே ஒரு பையன். அவனுக்கு ஞாயிறு லீவு. இரண்டாமவர், எல்லாம் ஏஐ பார்த்துக்கொள்ளும், சந்தேகம் வந்தால் அதுவே கம்ப்யூட்டரைத் துண்டித்துவிடும் என்றார். ஷிப்மென்ட் நாளில் தப்பாகத் துண்டித்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று மாப்பிள்ளையே கேட்டுவிட்டான். மூன்றாமவர் மட்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு சார், எங்கள் ஆட்கள் மூன்று ஷிஃப்டிலும் பார்ப்பார்கள், நீங்கள் கொடுக்கும் மூன்று நம்பருக்கு வரிசையாகப் போன் செய்வார்கள் என்றார். விலை மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மாப்பிள்ளை தயங்கினான். அவனுக்கு டார்கெட் கம்பெனி கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் பெரிய கடைச் சங்கிலி. 2013 கடைசியில், அவர்களுக்குக் குளிர்சாதன வேலை பார்த்த ஒரு சிறிய காண்ட்ராக்டரின் பாஸ்வேர்டு வழியாகத் திருடர்கள் உள்ளே போனார்கள். சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் போயின. அவர்களிடம் நல்ல கண்காணிப்பு மென்பொருள் இருந்தது, அது மணியும் அடித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அதைப் பார்த்து மினியாபோலிஸ் தலைமையகத்துக்குத் தகவலும் சொன்னது. அங்கே யாரும் அசையவில்லை. அடுத்த வருடம் தலைமை அதிகாரி பதவி விலகினார்.

மூன்றாவது ஆளிடமே வாங்கினான். அதற்கு முன்னால் காசில்லாத இரண்டு வேலையை முடிக்கச் சொன்னேன். எல்லோருடைய மெயிலுக்கும் பாஸ்வேர்டோடு போனில் வரும் இரண்டாவது சம்மதமும் கட்டாயம். பேங்க் கணக்கு மாற்றம் என்று யார் எழுதினாலும், பழைய நம்பரில் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான் பணம் நகர வேண்டும், பையர்களுக்கும் இதைக் கடிதமாக அனுப்பிவிட வேண்டும். உள்ளதைச் சொன்னால், இந்த இரண்டும் முன்பே இருந்திருந்தால் அந்த 18 லட்சம் போயிருக்காது. அந்த அக்கவுண்டன்ட் பெண் வேலையை விட்டுப் போகிறேன் என்று அழுதாள். மாப்பிள்ளை போக விடவில்லை. அதில் அவன்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அவனிடமிருந்து போன். "மாமா, இது அஞ்சாவது தடவைங்க. துருக்கியில இருந்து யாரோ லாகின் பண்றாங்கன்னு எழுப்பறாங்க. நம்ம மெர்ச்சண்டைசர்தான் அங்க போயிருக்கான். போன தடவையும் இப்படித்தான். ராத்திரி கூப்பிட வேண்டாம்னு சொல்லிரலாங்களா?"

பவானி பக்கம் ஒரு கிளையில் நான் அக்கவுண்டன்டாக இருந்தது 1987இல். ஸ்ட்ராங் ரூமுக்கு அலாரம் வைத்திருந்தார்கள். லாரி போனால் அடிக்கும், எலி ஓடினால் அடிக்கும். நள்ளிரவில் மேனேஜரும் நானும் சாவியோடு ஓடுவோம். பத்துப் பதினைந்து தடவை ஆன பிறகு, சாயங்காலம் பூட்டும்போது மேனேஜர் ஸ்விட்சை அணைத்துவிடுவார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். பதிவேட்டில் "அலாரம் சோதிக்கப்பட்டது, சரி" என்று தினமும் கையெழுத்துப் போட்டது நான்தான். ஒரு அமாவாசை ராத்திரி பின்சுவரைக் குடைந்து மூன்று பேர் உள்ளே வந்தார்கள். இரும்புக் கதவை அவர்களால் திறக்க முடியவில்லை, பணம் ஒரு ரூபாய் போகவில்லை. சத்தம் கேட்டு எழுந்து வந்த வாட்ச்மேனைக் கம்பியால் அடித்துவிட்டு ஓடிவிட்டார்கள். அவருக்கு இடது கண் போய்விட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். அன்றைய தேதிக்கும் "சரி" என்று என் கையெழுத்து இருந்தது. அலாரம் பழுது என்று முடித்துவிட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. ரிடையர் ஆகும் வரை அந்தக் கிளைப் பக்கம் நான் போனதில்லை.

இதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அன்று ராத்திரி போனில் மாப்பிள்ளையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"சரிங்க மாமா, நீங்க படுங்க" என்று போனை வைத்தான். பத்து நிமிடம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. மெர்ச்சண்டைசரைப் போனில் எழுப்பிக் கேட்டானாம். லாகின் பண்ணியது அவன்தானாம்.