எரிந்த பெஞ்சின் சாட்சி



விடுமுறைக்குக் குமரி மாவட்டத்துச் சொந்த ஊருக்கு வரும் உங்களில் பலர், குழித்துறையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ரயிலில் சென்றிருப்பீர்கள். 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலத்தின் அடுத்தடுத்த தாலுகாக்கள். அடுத்த முறை நெய்யாற்றின்கரையில் இறங்கி, வடக்கே ஊருட்டம்பலம் வரை சென்று வாருங்கள். அங்கே ஓர் அரசுப் பள்ளிக்கூடம் உண்டு.

1910-களில் புலையர் குலத்துச் சிறுமி பஞ்சமியை அப்பள்ளிக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் வெங்கானூர் அய்யன்காளி. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டதால் எழுத்தறியாதவர்; 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவியவர். எல்லாக் குலத்துப் பிள்ளைகளையும் சேர்க்க அரசாங்கம் அனுமதித்திருந்தும் மேல்ஜாதியார் இணங்கவில்லை. பஞ்சமி உட்கார்ந்த பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்நெருப்புக்குத் தப்பிய, பாதி எரிந்த பெஞ்சு ஒன்று அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. 2022-இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது.

தேவபிள்ளைகளே, இது பிறருடைய சரித்திரம் மட்டுமல்ல. அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1870-இல் பிறந்த கறுப்பினத்தவர் வில்லியம் சீமோர். 1906-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வேதாகம வகுப்புக்கு வந்த அவரை, நிறத்தின் நிமித்தம் வெள்ளையரோடு அமர விடவில்லை. அறைக்கு வெளியே இருந்தே பாடம் கேட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் ஊழியத்தின் மூலம் அசூசா தெரு எழுப்புதல் பற்றியெரிந்தது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக முழங்காற்படியிட்டார்கள். நம் பெந்தெகொஸ்தே சபைகள் அந்த எழுப்புதலைத் தங்கள் வேர்களில் ஒன்றாகப் போற்றுகின்றன. வாசலுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டவரைக் கொண்டே கர்த்தர் வாசலைத் திறந்தார்.

சபையில் யாருக்கு எந்த இருக்கை கொடுக்கிறோம் என்பதை வைத்தே யாக்கோபு தமது நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்கிறார். பட்டணத்துச் சபைகளில் இன்று எல்லாரும் ஒரே பாயில் அமர்கிறோம்; ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம். ஆனால் வீட்டில் கலியாணப் பேச்சு எழும்போதோ? "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற" என்று தொடங்கும் மணமக்கள் விளம்பரம், அடுத்த சொல்லாக ஜாதியைக் கேட்பதும் உண்டல்லவா?

ஊருட்டம்பலத்துக்கு உங்கள் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். அந்தப் பெஞ்சைக் காட்டி, அது எரிந்த காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். வீடு திரும்பிய பின், குடும்ப ஜெபத்தில் ஒரு காரியத்தைக் கர்த்தருக்கு முன்பாக வையுங்கள்: நம் வீட்டு வாசலுக்கு வெளியே இன்னும் யாரை உட்கார வைத்திருக்கிறோம்?