பிசகிய கையும் காற்றுத் துப்பாக்கியும்

சைக்கிளினின்று வீழ்ந்து நமது இடது முழங்கை முறிந்தது. எலும்பு கூடிற்று, வலிமை கூடவில்லை. எழுதவும் உண்ணவும் வலக்கை போதும். ஆனால் மாலைதோறும் நமக்கு உற்ற துணையாயிருந்த காற்றுத் துப்பாக்கியை என் செய்வது?

நம்முடையது பம்பு செய்து சுடும் வகை. முன்கட்டையே நெம்புகோல். அதனை விரித்து மூடுந்தோறும் சிறிது காற்று உட்புகுந்து அடைபடும். முதலிரண்டு தரம் சிறுவனும் செய்வான். உள்ளே காற்று நெருங்க நெருங்க அடுத்த அடி கனக்கும்; எட்டாவதில் நல்ல கையுடையோனும் பல்லைக் கடிப்பான். சுருள்வில் துப்பாக்கிக்கு ஒரே மடக்குத்தான். அவ்வொன்றோ நமக்கு ஆகாத பேரிழுவை.

பல நாள் முயன்று ஓர் உபாயங் கண்டோம். அமர்ந்து, தொடைகளின்மீது துணி மடித்திட்டு, துப்பாக்கியைத் தலைகீழாகக் குறுக்கே கிடத்துவோம். வாய் மண்மேட்டை நோக்கியிருக்கும். இடக்கை சும்மா பற்றியிருக்க, வலது உள்ளங்கையால் உடற்பாரம் முழுதும் சாய்த்து நெம்புகோலை அமுக்குவோம். இடுக்கில் விரல் அகப்படலாகாது. பம்பு முடியுமுன் குண்டிடுவதுமில்லை. அடி குறையின் வேகமுங் குறையும். எனினும் பத்துக் கஜத்துக் காகித இலக்கிற்கு மூன்று நான்கு போதும்.

ஹங்கேரியரான கரோலி டக்காச் 1938-இல் எறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்தவர். இடக்கையாற் பயின்று 1948-இலும் 1952-இலும் கைத்துப்பாக்கியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இதனை நண்பரொருவரிடம் பெருமையாய்ச் சொன்னோம். “அவர் துப்பாக்கிக்குப் பம்பு ஏது?” என்றார். மெய்தான். நாம் இன்னும் நான்காவது அடியிலேயே நிற்கின்றோம்.