லைசென்ஸ் வேண்டாத வண்டி

“பெண்மணிகளுக்கு ஏற்றது! பெட்ரோல் வேண்டாம், பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்!”

மின்சார ஸ்கூட்டர் விற்கும் கடைகளின் வாசலில் இந்த மாதிரி அட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று ‘வேண்டாம்’களில் முதலாவதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் கிடையாது. மற்ற இரண்டையும் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாத காலம் சாப்பாட்டு நேரத்திலும் காப்பி நேரத்திலும் இந்த அட்டையைப் பற்றியேதான் பேச்சு.

ராஜபாளையத்தில் எங்கள் மதினி, அம்மாவையும் பிளஸ் டூ படிக்கும் பையனையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார். அண்ணனுக்குத் திருப்பூரில் வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை தலையைக் காட்டினால் அதிகம். மதினிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் உத்தியோகம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோ மீட்டர். இது ஒரு தூரமா என்று கேட்கலாம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தூரம் என்பது கிலோ மீட்டரில் இல்லை என்று சொல்வார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். கண் மங்கலாகிவிட்டதால் ஊசியில் அளவு பார்ப்பது மதினியின் பொறுப்பு. பையன் அந்த நேரத்தில் டியூஷனில் இருப்பான். கடையில் ஆறரைக்கு விடுவார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, கூட்டத்தில் ஏறி, இறங்கி, மறுபடி நடந்து வீடு வந்து சேர ஒரு நாள் ஏழரை, ஒரு நாள் எட்டு. “நீ வராமல் நான் எப்படிச் சாப்பிடுவது?” என்று அம்மா காத்திருப்பாள். போன வருஷம் ஒரு நாள் காலை மருந்தின் வேகமும் சாப்பாட்டுத் தாமதமும் ஒன்று சேர்ந்து, சர்க்கரை இறங்கி, மதினி உள்ளே நுழைந்தபோது அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்வை, நாக்குக் குழறுகிறது. அடுத்த வீட்டு மாமி சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தார். பிழைத்தது பெரிய காரியம்.

மறுநாள் மதினி எனக்குப் போன் செய்தார். “தம்பி, எனக்கு ஒரு வண்டி பார்த்துச் சொல்லுங்க.”

பணக் கணக்கு மட்டும் பார்த்தால் இந்த வண்டிக்கு நியாயமே கிடையாது. 2021லிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காசில்லாமல் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு லட்சம் ரூபாய் வண்டியை வாங்குவதா என்று அண்ணன் கேட்டதில் தப்பில்லை. பஸ்ஸில் மிச்சமாவது ரூபாய். மதினிக்குத் தேவை மாலையில் ஒரு மணி நேரம். இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

முதல் யோசனை பையனிடமிருந்து வந்தது. செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, “சித்தப்பா, இதை வாங்குவோம்!” என்றான். ஒரே ஒரு சக்கரம். அதன் இரு பக்கமும் பாதம் வைக்க இரண்டு பலகை. உட்கார இடம் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கிடையாது. அமெரிக்காவில் ஷேன் சென் என்பவர் 2011 வாக்கில் ‘ஸோலோவீல்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த சாதனத்தின் வம்சம் இது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். உள்ளே இருக்கும் உணர்கருவி சாய்மானத்தைக் கண்டுபிடித்து மோட்டாரை முடுக்கிச் சமநிலையைக் காப்பாற்றுகிறது. மோட்டாரின் சக்திக்கு மேல் வேலை வாங்கினால் சமநிலை போய்விடும். ஆள் முகங்குப்புற விழ வேண்டியதுதான். புடவைத் தலைப்பு, சாப்பாட்டுப் பை, கணக்கு நோட்டு சகிதமாக மதினி ஒற்றைச் சக்கரத்தில் நின்றபடியே ஆண்டாள் சந்நிதியைத் தாண்டிப் போகிற காட்சியைக் கற்பனை செய்து பார்த்தோம். மதினிக்கே சிரிப்பு அடங்கவில்லை. பெரிய ரகங்களுக்கு மோட்டார் ஆயிரம் வாட்டுக்கும் மேல் என்பதால் அது லைசென்ஸ் வேண்டாத ஜாதியிலும் சேராது. பதிவெண் பலகை மாட்டிய ஒற்றைச் சக்கரத்தை நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை.

ஆகவே இரண்டு சக்கரத்துக்கே வந்தோம்.

முதலில் போன கடையில் அண்ணாச்சி வெகு மரியாதையாக வரவேற்றார். ரோஜா நிறத்தில், பார்க்க அழகான வண்டி. விலை 60,000 ரூபாய்க்குள். “அக்காவுக்கு இதுதாங்க சரி. லைசென்ஸுக்கு அலைய வேண்டியதில்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக வேண்டாம்” என்றார்.

ஏன் வேண்டாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கு உட்பட்டு, வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்குள் அடங்கி, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் அந்த மின்சார வண்டி ‘மோட்டார் வாகனமே’ அல்ல. கிட்டத்தட்ட சைக்கிளுக்குச் சமானம். அதனால்தான் பதிவும் இல்லை, லைசென்ஸும் இல்லை, கட்டாய இன்ஷூரன்ஸும் இல்லை. நம்மிடம் கருணை வைத்து யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

தெருமுனைக் கடைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், பக்கத்துத் தெருக் கோவிலுக்கும் இந்த வண்டி தாராளமாகப் போதும். குறை சொல்ல மாட்டேன். ஆனால் மதினியின் பாதை மதுரைப் பக்கத்திலிருந்து கொல்லத்துக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரிகள் ராத்திரி பகல் என்று பாராமல் அதில் ஓடுகின்றன. 25ல் போனாலும் அரை மணியில் வீட்டுக்கு வந்துவிடலாம். நேரத்தில் பெரிய நஷ்டமில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 45ல் போகிறவரைச் சில வண்டிகள் முந்தும். 25ல் போகிறவரை அத்தனை வண்டிகளும் முந்தியாக வேண்டும். அந்திக் கருக்கலில், பின்னால் வருகிற ஒவ்வொரு லாரிக்காரரின் பொறுமையையும் கண்பார்வையையும் நம்பிப் பன்னிரண்டு கிலோ மீட்டர் போவது எப்படி?

இதை நான் சொன்னதும் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். “அதுக்கும் வழி இருக்கு. உள்ளே ஒரு ஒயரைக் கழட்டிவிட்டா 45 போகும்.”

நேயர்களே, இந்த ரகசியத்தை உங்களிடமும் யாராவது சொன்னால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒயரைக் கழற்றிய மறுகணமே அது மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பதிவில்லாத, இன்ஷூரன்ஸில்லாத மோட்டார் வாகனம். குறுக்கே வந்த ஒரு கிழவரை அது தட்டிவிட்டால் நஷ்டஈடு நம் தாலிக்கொடியிலிருந்துதான் போக வேண்டும். பதிவு செய்த புது இருசக்கர வண்டிக்கு 2018 செப்டம்பரிலிருந்து ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். வாங்கும்போது அந்தத் தொகை கையைக் கடிக்கிறது. அந்தக் கடிதான் பாதுகாப்பு.

வெளியே வந்ததும் மதினி ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, ஆம்பிளைங்க வண்டி வாங்கப் போனா ‘லைசென்ஸ் வேண்டாம்’னு சொல்லி விப்பாங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. மதினிக்கு இதில் ஒரு பழைய ஆற்றாமை உண்டு. 2018ல் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலை, அதாவது 25,000 ரூபாய்க்கு மிகாமல், மானியம் கொடுத்தது. அதற்கு லைசென்ஸ் அவசியம். ஊர் ஊராகப் பெண்கள் எல்.எல்.ஆர். வாங்க வரிசையில் நின்றார்கள். மதினிக்கும் ஆசை. “பஸ் இருக்கையில் எதற்கு?” என்று வீட்டிலே ஒரு குரல் எழும்பி, பேச்சு அதோடு அடங்கிவிட்டது. இப்போது நாற்பத்தைந்து வயது. “இனிமேல் எட்டுப் போடுவதா?” என்று தயங்குவார் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில், சாலைச் சின்னங்களைக் கம்ப்யூட்டரில் அடையாளம் காட்டி, எல்.எல்.ஆரோடு வந்துவிட்டார். அதற்கப்புறம் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அந்த முப்பது நாளும் சிநேகிதியின் ஸ்கூட்டரில், கல்லை அடையாளம் வைத்து மைதானத்தில் எட்டு, எட்டு, எட்டுதான்!

அந்த இடைவெளியில் வண்டி பார்த்தோம். அநேகம் வண்டிகள் நம் ராஜ்யத்திலேயே உற்பத்தியாகின்றன. ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, ராணிப்பேட்டையில் ஆம்பியர். இந்தக் கடைசிக் கம்பெனியை 2008ல் கோயமுத்தூரில் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை என்ற பெண்மணி. எந்தக் கம்பெனி உசத்தி என்று என்னிடம் கேட்காதீர்கள். பழுதானால் உங்கள் ஊரிலேயே பார்க்க ஆள் இருக்கிறதா, பேட்டரிக்கு எத்தனை வருஷம், எத்தனை கிலோ மீட்டர் உத்தரவாதம் என்று கேளுங்கள். கேட்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயத்தில் பெண்களை யாரும் ஏமாற்ற முடியாது. ஏனென்றால் கிலோவாட்-ஹவர் என்று அவர்கள் சொல்வது, நம் வீட்டு மின்சார அட்டையில் எழுதுகிற அதே யூனிட்தான். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முப்பது கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 2.2 யூனிட் கொள்ளும் பேட்டரியென்றால் அறுபதுக்குக் கொஞ்சம் மேலே. விளம்பரத்தில் போடுவது பரிசோதனைச் சாலையில் ஓட்டிய கணக்கு. அதில் முக்கால் பங்கு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். மதினிக்குப் போக வர 24 கிலோ மீட்டர், கடை கண்ணிக்கு ஆறு, மொத்தம் முப்பது. பேட்டரி வயதாக ஆகச் சுருங்கும். அதனால் தேவைக்கு இரண்டு பங்கு இருப்பதையே தேர்ந்தெடுத்தோம்.

ஒரு விஷயம் எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை, மதினிதான் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தென்மேற்கே இருக்கிறது ராஜபாளையம். ஆனி, ஆடியில் அடிப்பதும் தென்மேற்குக் காற்று. காலையில் அது முதுகைத் தள்ளும். சாயங்காலம் வீடு திரும்பும்போது மார்பில் அறையும். எதிர்காற்று பேட்டரியைத் தின்னும். உங்கள் ஊரில் அது மேடாக இருக்கலாம், மேம்பாலமாக இருக்கலாம். கடைத் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு ‘நன்றாக ஓடுகிறது’ என்று சொல்லாதீர்கள். உங்கள் பாதையிலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அதற்குச் சம்மதித்த கடையில்தான் நாங்கள் வாங்கினோம்.

அடுத்தது வண்டி தூங்கும் இடம். 2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துப் புகையில் ஒரு தகப்பனாரும் மகளும் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கிற்று. ஆனாலும் நம் பழைய வீடுகளின் அமைப்பை நினையுங்கள். நடை ஒன்றுதான் வழி. அந்த நடையில் வண்டியை நிறுத்திச் சார்ஜ் போட்டுவிட்டு எல்லோரும் உள்ளே படுத்தால், ஆபத்துக் காலத்தில் வாசலை வண்டியே மறித்துக்கொள்ளும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் சரி பார்த்து, தெருத் திண்ணையோரம் பூட்டுப் போட்ட பெட்டியில் ப்ளக் வைத்தோம். மதினி வந்த உடனே செருகுவதில்லை. சூடு தணிந்த பின் போட்டு, படுக்கப் போகுமுன் கழற்றிவிடுகிறார்.

கரண்ட் பில் மாதம் முப்பது யூனிட்டுக்குள் ஏறியிருக்கிறது. ஏற்கெனவே ஏ.ஸி. வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்கவும். 2022ல் மாற்றியமைத்த கட்டண முறையில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படி யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை கூடும். ஸ்கூட்டர் அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கிற கடைசித் துரும்பாகிவிடக் கூடாது.

விலை ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். சீட்டுப் பணம் பாதி, சங்கிலியின் மேல் நகைக் கடன் பாதி. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் நம்பர் வந்தது. அந்த நம்பரைப் பையனைவிட அம்மா முதலில் மனப்பாடம் செய்தாள். சத்தமே போடாத வண்டி என்பதில் ஒரு தொல்லை: ராஜபாளையம் நாய்க்குப் பேர் போன ஊர், பேர் போகாத நாய்களும் தெருவில் நிறைய. இன்ஜின் சத்தம் கேட்டால் எழுந்து நகருகிற அவை இந்த வண்டிக்கு அசைவதே இல்லை. மதினி ஹாரனை அடித்தபடியே தெருவுக்குள் நுழைகிறார். அதைக் கேட்டதும் அம்மா ஊசி மருந்தை எடுத்து வைத்துவிடுகிறாள். அப்போது மணி பெரும்பாலும் ஏழு.

போன வாரம் நான் ஊருக்குப் போயிருந்தபோது மாமியாருக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம். ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருவேன் என்கிறாள் அம்மா. “வாங்க அத்தை, ஆனா ஹெல்மெட் போட்டாத்தான்” என்கிறார் மதினி. “கோவிலுக்குமா அந்தக் குடுவை?” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று காலை போனில் விசாரித்தேன். எந்த நிறத்தில் வாங்குவது என்பதில் வந்து நிற்கிறதாம்.